கடைவாய்ப் பல்லின் விரிசல்

என் கணவரை எரித்து, சாம்பலும் போன பிறகு அவரில் மிச்சமிருந்தது ஒரு கடைவாய்ப் பல் மட்டும்தான். அதுவும் என்னிடம் இல்லை; அவருடைய ஆய்வகத்தில் இருந்தது.

எக்ஸ்ரே கதிரின் முன் ஒரு பொருளைச் சுழற்றி, ஆயிரக்கணக்கில் படமெடுத்து, அதன் உள்ளே இருப்பதை அடுக்கடுக்காகக் காட்டுவது அவர்கள் வேலை. எலியின் எலும்போ சிறுநீரகமோ, எதற்குப் புது முறை கண்டுபிடித்தாலும் முதலில் அந்தப் பல்லை வைத்துத்தான் சோதிப்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் டாக்டர் பிடுங்கியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனவர் என் கணவர்தான்.

ஒரு மாதம் கழித்து அதைக் கேட்டேன். அவருடைய கூட்டாளி, பஞ்சு வைத்த டப்பியில் கொண்டுவந்து கொடுத்தார். படங்களில் விழும் புள்ளி பொட்டுகளை நீக்கும் கணினிக் கணக்கு எழுதுபவர் என்பதால் என் கணவர் அவருக்கு வைத்த பெயர் வடிகட்டி. துக்க முகத்தோடு இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார்.

ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். சொத்தை இருந்தது. கறை இருந்தது. விரிசல் இல்லை.

சோடா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்ததில் வந்த விரிசல். என் சமையலில் கிடந்த கல்லால் வந்தது என்று சாகும்வரை சாதித்தார் மனிதர். ஆதாரம் என்று அதன் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் வேறு ஒட்டிவைத்தார். எனக்கு அது மனப்பாடம்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போய் டப்பியை மேசைமேல் வைத்தேன்.

"இது யாரோட பல்லு?"

"அண்ணனோடதுதான் அண்ணி."

"உங்கண்ணன் பல்லு இவ்வளவு யோக்கியமா இருக்காது. விரிசல் எங்க?"

வடிகட்டி உட்கார்ந்துவிட்டார். அசல் போனால் பழைய படங்களோடு புதியதை ஒப்பிட வழியில்லையாம். அதனால் புது முறையில் எடுத்த படத்தை வைத்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பல்லுக்கு நகல் அச்சிட்டு, இரண்டு நாள் டீயில் ஊறவைத்தாராம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கணினிக்கு ஓடினார். பழைய படத்தில் மயிரிழை போல விரிசல் தெரிந்தது. புதியதில் அதையும் அழுக்கென்று துடைத்திருந்தது அவர் கணக்கு. அடுத்த வாரம் அதே முறையில்தான் எலி எலும்பில் நுண்முறிவுகளைத் தேடப் போகிறார்கள்.

"அண்ணன் இருந்திருந்தா என்னைக் கிழிச்சிருப்பாரு."

"கிழிக்க ஆளில்லன்னுதானே டீயில ஊறப்போட்டீங்க."

அசலை எடுத்து நீட்டினார். விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். கொண்டுபோகத்தான் வந்திருந்தேன். ஆனால் எக்ஸ்ரே இயந்திரத்தின் சுழல்தட்டில் மெழுகு வைத்துப் பல்லை நானே நிறுத்தினேன்.

"விரிசல் தெரியற வரைக்கும் இங்கயே சுத்தட்டும். தெரிஞ்சதும் படத்தைக் கொண்டுவாங்க. கல்லா மூடியான்னு எனக்கும் தெரிஞ்சாகணும்."