மந்திரத்துக்கு ஒரு அம்பயர்

வாரத்தில் ஆறு நாள் அசோகனுக்கு மணலி ஆலையில் வால்வு திருகுகிற வேலை. ஏழாம் நாள் அவன் கடவுள். எம்.கே.பி. நகர் கேரம் கிளப்பின் ஹால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு கேரம் போர்டைச் சுற்றி ஆட்களை உட்காரவைத்து, பகடை உருட்டி, மந்திரம் போட்டு, பூதங்களோடு சண்டை பிடிக்கிற கற்பனை ஆட்டம் ஒன்றை நடத்துவான். மந்திர விதிகளுக்குத் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் உண்டு. உலகம் மட்டும் அவன் சொந்தச் சரக்கு: உப்பங்கழி, கரிச்சேறு, புகைபோக்கி. எண்ணூர்ப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அதில் பூதம்தான் புதுசு.

ஆட்கள் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி அவன் மனைவி சங்கமித்ரா. வியாசர்பாடிப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தருகிறவள், ஆட்டத்தில் பூசாரி. இன்னொருவன் வண்ணாரப்பேட்டையில் லுங்கிக் கடை வைத்திருக்கும் ஃபர்ஹான், ஆட்டத்தில் மந்திரவாதி. பொம்மைகளுக்குப் பதில் கிளப்பின் காய்களே போதும். வெள்ளைக் காய் இரண்டும் இவர்கள், கறுப்பெல்லாம் பூதம். செத்தவனை மூலைப் பாக்கெட்டில் போட்டு மூடிவிடுவது அந்த ஆட்டத்தின் வழக்கம்; போன வாரம் செத்தவர்களையும் ஆட்டம் தொடங்கும்போதே அதில் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு ஃபர்ஹானின் மந்திரவாதி பாக்கெட் வாயில் கிடந்தான். உப்பங்கழிப் பாம்பு கடித்துக் குற்றுயிராகிவிட்டான். சங்கமித்ராவின் முறை வந்தது. முதலில் பாம்பின் தலையில் நெருப்பு மழை பொழிந்தாள். அது பெரிய மந்திரம். பொழிந்த கையோடு, துரித மந்திரம் ஒன்றைச் சொல்லி ஃபர்ஹானை எழுப்புகிறேன் என்றாள். அசோகன் கையை உயர்த்தினான். துரித மந்திரம் போட்ட முறையில் பெரிய மந்திரம் போடக்கூடாது என்று புத்தகம் சொல்கிறதே.

சங்கமித்ரா விடுவாளா? துரிதத்துக்குப் பிறகு பெரியது கூடாது என்றுதான் போட்டிருக்கிறது, பெரியதுக்குப் பிறகு துரிதம் கூடாது என்று எங்கே இருக்கிறது, காட்டு என்றாள். செத்துக்கொண்டிருந்த ஃபர்ஹான் அதற்குமேல் போனான்.

“மாமு, மந்திரவாதி தானே படிச்சித் தானே போடுறான். பூசாரி அப்டியா? அது கேக்குது, சாமி போடுது. ரூலு போடுறவனுக்குத்தானே? சாமிக்கு இன்னாத்துக்கு ரூலு?”

வாதத்தைக் கேட்டு அசோகனே ஒரு கணம் ஆடிப்போனான். ஆனாலும் அவன் நிலைமை இருக்கிறதே, அது பகையாளிக்கும் வரக்கூடாது. போன ஞாயிறு இதே சங்கமித்ரா ஒரு கையில் கேடயம், மறு கையில் தீப்பந்தத்தோடு மந்திரம் போட்டுக் கல்பூதத்தைக் கொன்றாள். மந்திரம் போட ஒரு கை காலியாக இருக்க வேண்டும், அதுதான் விதி. அசோகன் கண்டும் காணாமல் விட்டுவிட்டான். அந்த வாரம் முழுக்க லுங்கி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஃபர்ஹான், பொண்டாட்டிக்குத் தனி ரூல்ஸ் போட்டு ஆட்டம் நடத்துகிற மாஸ்டரைப் பற்றி இலவசமாகச் சொல்லியனுப்பினான். பொறுக்கமாட்டாமல் அசோகன் இன்று வந்ததும் வராததுமாக, இனி எழுத்துக்கு எழுத்து புத்தகப்படிதான் என்று அதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

“ரெண்டு வருசமா வளத்த புள்ள, மாமு,” என்றான் ஃபர்ஹான் தன் வெள்ளைக் காயைக் காட்டி, இப்போது விளையாட்டில்லாமல். “இவன் பூட்டான்னா நான் வேற ஆளெல்லாம் புட்ச்சிக்கினு வர மாட்டேன். கடையாண்ட போயி குந்திக்கிறேன்.”

ஃபர்ஹான் போனால் ஆட்டமே போச்சு. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் உட்கார்ந்து சண்டை போடுவதற்கு ஹால் எதற்கு, அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு இல்லாத வாரத்தை நினைத்தாலே அசோகனுக்கு அழுகை வரும் போலிருந்தது. சரி, போனால் போகிறது, எழுப்பிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தான். சங்கமித்ரா முறைத்தாள்.

“சலுகை வாணாம். ரூல்படி குடு, இல்ல ரூல்படி இல்லன்னு சொல்லு. உனக்கு முடியலன்னா அம்பயர வெச்சிக்க.”

அம்பயர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சாயங்கால ஆட்டத்துக்குப் பவுடர் டப்பாவோடு வந்த மஜீது பாய். தண்டையார்பேட்டையில் பாத்திரக் கடை, வடசென்னை முழுக்கக் கேரம் பஞ்சாயத்து. இறுதி ஆட்டத்தில் சொந்த மச்சானுக்கே ஃபவுல் கொடுத்தவர். அதற்கப்புறம் வந்த கல்யாண விருந்தில் அவர் தட்டுக்கு எலும்பு மட்டுமே வந்ததாகப் பேச்சு. அப்படிப்பட்ட மனுஷன் சொன்னால் யார் மறுக்க முடியும்? அவர் சொல்வதே முடிவு என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

மந்திரம் என்றால் என்னவென்று மஜீது பாய் கேட்கவே இல்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, போர்டைச் சுற்றி நடந்து, காய்களைக் குனிந்து பார்த்தார். முதலில் போட்டது பெரியதா சின்னதா என்று மட்டும் விசாரித்தார். பெரியது என்றார்கள்.

“அப்ப அது ரெட்டு,” என்றார், கேரமின் சிவப்புக் காயைச் சொல்லி. “ரெட்டு போட்டா ஃபாலோ போட்டே ஆவணும். இதுல குடுக்கலாமா வாணாமான்னு இன்னா பேச்சு?”

ஃபர்ஹான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவர் அவனை மெதுவாகப் பிரித்து உட்காரவைத்தார். ஃபாலோ என்றால் வாயால் சொன்னால் ஆகாதாம், ரெட்டுக்குப் பின்னாலேயே இன்னொரு காய் உள்ளே போக வேண்டுமாம். பாம்பைப் பாக்கெட்டில் தள்ளினால் மந்திரம் செல்லும், இல்லாவிட்டால் இல்லை. ஸ்ட்ரைக்கர் எது என்று கேட்டார். இருபது முகப் பகடையைக் காட்டினார்கள். அதை விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, வெட்டு நன்றாயில்லை, இருந்தாலும் பரவாயில்லை என்று கோட்டில் வைத்தார்.

சங்கமித்ரா கேரம் ஆடியதே இல்லை. மந்திரத்தை முணுமுணுத்து, கார்னர் கிக் அடிக்கிறவள் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துச் சுண்டினாள். பகடை பாம்பை உரசிக்கொண்டு தாண்டியது. நேராக மூலைக்குப் போய், வாயில் கிடந்த வெள்ளைக் காயையும் தள்ளிக்கொண்டு பாக்கெட்டில் விழுந்தது.

எழுப்ப வந்த பூசாரியே மந்திரவாதியைக் குழியில் போட்டு மூடிவிட்டாள். ஃபர்ஹான் எழுந்து, மூலையில் கிடந்த செருப்பைத் தேடப் போனான். அசோகனுக்கு மனைவியைப் பார்க்கத் தைரியமில்லை.

“இன்னா எல்லாரும் எழவு வூடு மாதிரி நிக்கிறீங்க?” என்றார் மஜீது பாய். “ஸ்ட்ரைக்கரோட காய் வியுந்தா இன்னா? காய் திரும்ப நடுவுக்கு வரும். கூட ஒரு டியூ.”

வலைக்குள் கைவிட்டு வெள்ளைக் காயை எடுத்துப் போர்டின் நட்டநடுவில் வைத்தார். மந்திரவாதி எழுந்துவிட்டான். ஃபர்ஹான் ஒற்றைச் செருப்போடு திரும்ப ஓடிவந்தான். அம்பயர் கை மறுபடி வலைக்குள் போனது. இதுவரை ஜெயித்த காயில் கடைசியாக விழுந்ததை டியூவாகத் திருப்பித் தர வேண்டும் என்றார். வெளியே வந்தது ஓரம் உடைந்த கறுப்புக் காய்.

அசோகனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன ஞாயிறு இரண்டு கையிலும் சாமானை வைத்துக்கொண்டு பெண்டாட்டி கொன்ற, அவன் கண்டும் காணாமல் விட்ட, அதே கல்பூதம். மஜீது பாய் அதை மந்திரவாதியின் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தார். ஒரு வாரமாக அசோகன் நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. அந்தப் பூதத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் அவனாகத்தான் இருப்பான்.

ஃபர்ஹான் தன் பக்கத்தில் நின்ற பூதத்தைப் பார்த்து, ரூல்ஸ் எல்லாம் ரொம்ப பேஜாரு என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். வாசலில் கேரம் ஆட வந்த பையன்கள் எட்டிப்பார்த்தார்கள். ஆட்டம் முடியவில்லை, வெளியே நில்லுங்கள் என்று மஜீது பாய் அவர்களை விரட்டிவிட்டு, தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். டியூ கொடுத்தவளுக்கே அடுத்த அடியும் என்று அறிவித்தார்.

சங்கமித்ரா பகடையை எடுத்து மந்திரம் சொல்ல வாயைத் திறந்தாள். அசோகன் புத்தகத்தின்மேல் கையை வைத்தான்.

“பூசாரிம்மா, கை ஒண்ணு காலியா கீதா?”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பாம்பையும் பூதத்தையும் பார்த்தாள். இடக்கையில் இல்லாத கேடயத்தைக் கழற்றி மஜீது பாயிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கனமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார்.