வானிலைக் கட்டத்தில் ஒரு தூ

நூற்றுப் பதினேழாவது அந்துப்பூச்சியை இடுக்கியால் தட்டின் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தபோது தட்டச்சர் கைப்பேசியை நீட்டியபடி உள்ளே வந்தார். எண்ணும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அவர் பேசினார்.

"அண்ணி, உங்க நாத்தனாரோட கட்டுரை வந்துருச்சு. இந்தத் தடவை பூட்டே போடல. யாரு வேணா தொறந்து படிக்கலாமாம்."

"நூத்திப் பதினேழு," என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல். "எனக்கு அனுப்பி வைங்க. நூத்திப் பதினெட்டு."

பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் இயக்குநர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். விளக்குப் பொறியில் இரவெல்லாம் விழுந்ததை விடிந்ததும் அள்ளி வந்து, இனம் பிரித்து, எண்ணி, நோட்டில் ஏற்றுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷ வேலை. நடுவில் கணவனின் தங்கை அங்கே மாணவியாக வந்து சேர்ந்தாள். வந்தவள் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட, ஒரே வாரத்தில் இவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. கூப்பிட்டவள் பிறகு டாக்டரம்மா ஆனாள். இவள் அண்ணியாகவே நின்றுவிட்டாள். இறக்கையின் ஓரத்தைப் பார்த்து இனம் சொல்ல அந்த டாக்டரம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த கை எது என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. சொன்னால் சொல்லிக்காட்டியது போலாகிவிடுமே.

மதியம் ரொட்டியைக் கடித்தபடி கட்டுரையைத் திறந்தாள். நாத்தனாரின் பழைய கட்டுரைகளை எப்போது தொட்டாலும் ஒரு பூட்டுப் படம்தான் வரும். வீட்டுக்குள் நடக்கும் விருந்தைத் தெருவில் நின்று பார்ப்பது போல இருக்கும். இன்றைக்குத் தொட்டவுடன் திறந்தது. நம் மொழியிலேயே சுருக்கமும் இருந்தது. அதன் கீழே, அடப் பாவமே, அவளுடைய நோட்டுகள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அடுக்கியிருந்தார்கள். டீ சிந்திய கறை, குளிர்காலத்தில் நடுங்கிய எழுத்து, எல்லாம் அப்படியே. பன்னிரண்டாம் நோட்டின் மூலையில் பல் வைத்தியரின் தொலைபேசி எண்கூட இருந்தது.

தன் பெயரைத் தேடினாள். மேலே நான்கு பெயர்கள், முதல் பெயர் நாத்தனாருடையது. இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கடைசியில், யாரும் போகாத இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: களப்பணியாளர்களுக்கு நன்றி.

களப்பணியாளர்கள். பன்மை. அவளைத் தவிர வேறு யார் அந்தப் பொறிக்குள் கைவிட்டார்கள்? கையெழுத்தை உலகமே பார்க்கலாம், கை யாருடையது என்று மட்டும் தெரியக்கூடாது.

அப்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. ஒரு சரிவுக்கோடு. அடியில், 'தூசி படிந்த நாள்களில் அந்துப்பூச்சி வரத்து பாதியாகக் குறைகிறது.' கட்டுரையின் உயிரே அதுதான் போலிருக்கிறது. தலைப்பிலேயே தூசி இருந்தது.

தூசியா?

நோட்டில் வானிலைக் கட்டம் சுண்டுவிரல் நகத்தளவுதான். அதில் முழு வார்த்தை எழுத முடியாது. வெயிலுக்கு வெ, மேகத்துக்கு மே, மழைக்கு ம. தூறலுக்குத் தூ.

ரொட்டியைக் கீழே வைத்தாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் பால் வார்த்தது போல இருந்தது.

நினைவு வந்தது. நாத்தனாருக்கு டாக்டர் பட்டம் கிடைத்ததற்கு வீட்டில் விருந்து வைத்த வாரம். அத்தனை பேர் குடித்த கோப்பைகளையும் கழுவித் தீர்த்த கையோடு போனை எடுத்தாள். "அண்ணி, வானிலைக் கட்டத்துல தூன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?" என்றாள் நாத்தனார். "எழுதினது எழுதினதுதான். படிச்சவ நீ, உனக்குத் தெரியாததா?" என்று சொல்லி அண்ணி போனை வைத்துவிட்டாள். மறுபடி கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். கேட்கவில்லை.

சாயங்காலம் கணவர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"என் தங்கச்சி பேரு உலகம் பூரா போயிருக்கு, தெரியுமா?"

"போகட்டும். திரும்பி வர வழி தெரியும்ல?"

"முகத்தை ஏன் உம்முன்னு வச்சிருக்கே?"

"என் முகமே அதுதாங்க. கல்யாணத்தன்னைக்கே பாத்திருக்கலாம்."

அவர் சிரித்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார். பாத்திரம் துலக்கியபடி அண்ணி அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டாள். குழாயை ஒருமுறைகூட முழுதாகத் திறக்கவில்லை.

கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் கேள்வி எழுதலாம். அதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று வாரம் தினமும் பார்த்தாள், அடுத்த வீட்டுச் சண்டைக்குக் காதைத் தீட்டுவது போல. பாராட்டு வந்தால் முகம் சுண்டியது. இருபதாம் நாள் எங்கேயோ தூரதேசத்திலிருந்து ஒருவர் எழுதினார். நீங்கள் தூசி என்கிற நாள்களில் எல்லாம் பக்கத்து வானிலை நிலையம் காற்றில் ஈரம் என்கிறதே, ஈரத்தில் தூசி எப்படிப் பறக்கும்? நோட்டில் இருக்கும் அந்த எழுத்துக்கு என்ன பொருள்?

அதைப் படித்தபோது எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. யாரோ அவள் நோட்டை அத்தனை உன்னிப்பாகப் படித்திருக்கிறார்கள். அதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

மறுநாள் நாத்தனார் எண்ணும் அறைக்கே வந்தாள். வழக்கமான மிடுக்கு இல்லை. கணினியை மேசையில் வைத்துவிட்டு, மாணவியாக இருந்தபோது உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். அண்ணி கடைசிப் பூச்சிவரை எண்ணி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. சட்டம் அவளுக்கு மறக்கவில்லை.

"தூன்னா என்ன அண்ணி?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. தூசிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை நம்பி ஊர் பார்க்கப் பதில் எழுதி, இன்னும் ஆழமாகப் போய் விழுவாள்.

"ஏன், மூணு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டியே."

"கேட்டேன். நீங்க சொல்லல."

"மறுபடி கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா, டாக்டருக்கு இதுகூடத் தெரியலன்னு மனசுக்குள்ள சிரிப்பீங்க." நாத்தனார் இடுக்கியை எடுத்துத் திறந்து மூடினாள். "நான் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கிறத நீங்க இறக்கையப் பாத்ததும் சொல்லிடுவீங்க. எனக்கு எப்படி எரியும் தெரியுமா? நேத்து அத்தனை பக்கத்தையும் பாத்தேன். என்னப் பாத்துதான் பக்கத்துக்குப் பக்கம் தூ தூன்னு துப்பி வச்சிருக்கீங்களோன்னு தோணிருச்சு."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாத்தனாரும் சிரித்தாள், கண் கலங்கியபடி.

"தூறல்," என்றாள் அண்ணி. "தூறல்டி."

நாத்தனாரின் உதடு அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது. "அப்ப தலைப்பே போச்சு."

"போச்சு."

"திருத்தம் வெளியிடணும். எல்லாரும் பாப்பாங்க." கணினியைத் திறந்தாள். "உங்க பேரையும் ஆசிரியர்ல சேக்கறேன் அண்ணி. முதல்லயே சேத்திருக்கணும். நோட்டு நிலையத்தோட நோட்டுதானேன்னு நினைச்சுட்டேன்."

"நோட்டு நிலையத்தோடதுதான். எழுத்து?"

நாத்தனார் ஒரு விசையைத் தட்டினாள். திரையில் ஒரு படிவம் வந்தது. தலைப்பில் 'திருத்தம்', அதன் கீழே 'பிழைக்கான காரணம்', அதற்கும் கீழே புதிய ஆசிரியரின் பெயர். அண்ணி அந்த வரிசையை ஏற இறங்கப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் கழித்து அச்சில் ஏறப்போகும் பெயர், பிழை என்ற சொல்லுக்குக் கீழே போய் உட்காரப்போகிறது. பார்க்கிறவர்களுக்குப் பிழை யாருடையது என்று தோன்றும்? காரணத்தை உள்ளபடி எழுதினால் அந்தப் போன் பேச்சையும் எழுத வேண்டும். பாதி அவளுடையதுதானே.

"இனிஷியல் என்ன போடட்டும்?" என்றாள் நாத்தனார். "உங்க அப்பாவோடதா, அண்ணனோடதா?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. அண்ணி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வானம் வெளுத்துக் கிடந்தது. கையை வெளியே நீட்டினாள். விழுகிறதா இல்லையா என்று உள்ளங்கைக்கே உறுதியாகத் தெரியவில்லை. முழங்கை மயிரில் மட்டும் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

திரும்பி வந்து இன்றைய பக்கத்தைத் திறந்து, வானிலைக் கட்டத்தில் தூ என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றது. கட்டத்தில் இடமில்லை. 'ற'வைக் கோட்டுக்கு வெளியே வைத்தாள். 'ல்' அடுத்த கட்டத்துக்குள் போய் விழுந்தது. ஈரக் கை பட்டு மை லேசாகக் கலங்கியது.

திரையில், பெயருக்கான வெற்றிடத்தில், சிறு கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. நாத்தனார் விசையில் விரலை வைத்தபடி அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.