பொம்மை வீட்டுக்குப் பால் காய்ச்சியவள்

காசியம்மாளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் தனியாக ஒரு குடிசை அமையவில்லை. பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் மாமியார் பவுனம்மாளின் கூரைக்குக் கீழே மாமியார், மூத்தார், அவருடைய பெண்டாட்டி, அவர்கள் பெற்ற பட்டாளம், இரண்டு ஆடுகள் என்று எல்லோரும் ஒன்றாகக் கிடந்தார்கள். புரண்டு படுத்தால் யார் மேலாவது கால் படும். காலை இழுத்துக்கொள்வதற்குள் ஆடு கத்தும். புருஷனோடு தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவும்போதுதான் முடியும். அப்போதும் பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் அவளுக்குப் பேச வராது. சடையனுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

சடையன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பலகைகளைத் துளைபோட்டுக் கயிற்றால் தைத்துப் படகு கட்டுவதில் ஏரிக்கரையில் அவனுக்கு நல்ல பேர். குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. ஆனால் அம்மா எதிரே வந்துவிட்டால் மட்டும் அவன் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஆகிவிடும். தனிக்குடிசைப் பேச்சை எடுத்தாலே ஒரு சாக்கு தயாராக இருக்கும். முதலில் ஓலை இல்லை என்றான். அவள் அலைந்து திரிந்து ஓலை சேர்த்துக் கட்டுக் கட்டாக அடுக்கினாள். கம்பு இல்லை என்றான். அலையாத்திக் காட்டில் முட்டியளவு சேற்றில் நின்று கம்பு வெட்டிக்கொண்டு வந்தாள். கடைசியாக, மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஊருக்குள் ஏறுகிறதே, தரையிலிருந்து தூக்கிப் பலகை போடாமல் குடிசை போட்டால் பாயோடு மிதக்க வேண்டியதுதான் என்றான். பலகைக்கு அவள் எங்கே போவாள்? சேற்றில் பலகை முளைக்கிறதா என்ன?

அந்தச் சமயத்தில்தான் ஒல்லாந்திலிருந்து ஒரு வீடு வந்தது.

பழவேற்காட்டில் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் மார்கரெட் அம்மா என்று ஒரு ஒல்லாந்துக்காரி இருந்தாள். அவள் புருஷன் கும்பினிக்குத் துணி வாங்கிக் கப்பலேற்றுகிறவன். அந்த வீட்டுச் சமையல்காரி செசிலியாவிடம்தான் காசியம்மாள் தினமும் இறாலும் நண்டும் கொண்டுபோய்க் கொடுப்பாள். செசிலியாவுக்குத் தமிழும் தெரியும், பரங்கிப் பேச்சும் தெரியும், அடுத்த வீட்டுச் சமாசாரமும் தெரியும். அவள்தான் சொன்னாள்: கப்பலில் ஒரு வீடு வந்து இறங்கியிருக்கிறது, துண்டு துண்டாக, பெட்டி பெட்டியாக. அத்தனையும் பொம்மைகள் குடியிருக்க.

காசியம்மாள் நம்பவில்லை. நேரில் பார்த்த பிறகும் பாதிதான் நம்பினாள். வண்ணம் பூசிய சுவர்த் துண்டுகள், விரல் நீளப் படிகள், நகத்தளவு ஜன்னல்கள், புன்னைக்கொட்டை அளவில் செப்புப் பாத்திரங்கள், விறைப்பாக உட்கார்ந்திருக்கும் மெழுகு முகப் பொம்மைகள். ஒல்லாந்தில் பணக்காரப் பெண்கள் இப்படி வீடு கட்டிக் கூடத்தில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் காட்டிப் பீற்றிக்கொள்வார்களாம். குழந்தைகள் தொடவே கூடாதாம். கல்யாணமான பெண்பிள்ளை பொம்மை வைத்து விளையாடுகிறாளா என்று கேட்டுக் காசியம்மாள் சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்து நண்டுகள் முற்றமெங்கும் ஓடின.

இதைப் பூட்டிக் கொடுக்கக் கைத்திறமான ஆள் வேண்டும் என்று மார்கரெட் அம்மா தேடிக்கொண்டிருந்தாள். காசியம்மாள் கண் பொம்மைகள் மேல் இல்லை. அந்த வீடு வந்த பெட்டிகள் மேல் இருந்தது. கெட்டியான, நீளமான, வைரம் பாய்ந்த பலகைகள். என் புருஷன் செய்வான், கூலி வேண்டாம், இந்தப் பெட்டிப் பலகைகளைக் கொடுத்தால் போதும் என்று செசிலியாவை விட்டுச் சொன்னாள். மார்கரெட் அம்மாவும் சரி என்றாள். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் சடையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சாக்குச் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

மார்கரெட் அம்மா வீட்டுப் பின்கட்டுக் கிடங்கில் வேலை ஆரம்பமாயிற்று. சுவருக்குச் சுவர் முளையும் துளையுமாகச் செய்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் மாதக் கணக்கில் கப்பலின் அடியில் ஈரத்தில் கிடந்து முளையெல்லாம் ஊதிப்போய்த் துளைக்குள் நுழைய மறுத்தது. தட்டினால் உடைந்துவிடும். சடையன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு தனக்குத் தெரிந்ததைச் செய்தான். ஓரத்தில் பொடித் துளைகள் போட்டு, மெல்லிய கயிறு திரித்து, படகைத் தைக்கிற மாதிரி வீட்டைத் தைத்துவிட்டான். மார்கரெட் அம்மா வந்து பார்த்து முதலில் நெற்றியைச் சுருக்கினாள், அப்புறம் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. ஏரியில் விட்டாலும் மிதக்கும் என்று செசிலியா சொன்னதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாமான் அடுக்குகிற வேலை காசியம்மாளுடையது. சடையன் விரலுக்கு அந்த நாற்காலிகள் சிக்கவில்லை. அவளோ சேற்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு இறாலைப் பிடிக்கிறவள். சுவருக்குள் கதவு வைத்துக் குடைந்திருந்த பெட்டியில் பாத்திரங்களை அடுக்கினாள். அது படுக்கையாம், ஒல்லாந்தில் அலமாரிக்குள்தான் தூங்குவார்களாம். செசிலியா சொல்லிப் பாத்திரங்களை வெளியே எடுத்துப் பொம்மைகளை உள்ளே படுக்கப் போட்டாள். அவ்வளவு வசதி இருந்தும் ஏன் அலமாரிக்குள் போய் முடங்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

வேலை வளர வளர அவளுக்கு வயிறு எரிந்தது. கூடம், படுக்கையறை, சமையலறை, துணி மடிக்க ஓர் அறை, குழந்தை பெற ஓர் அறை. மூச்சில்லாத பொம்மைக்கு இத்தனை அறை. இவனோ ஒவ்வொரு படியையும் தடவித் தடவி வைக்கிறான், ஜன்னலை ஊதி ஊதித் துடைக்கிறான். இந்தக் கரிசனத்தில் கால்வாசி தன் மேல் இருந்திருந்தால் எப்போதோ குடி போயிருக்கலாமே என்று நினைத்து அவனிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

வீடு முடிந்தது. மறுநாள் தேவாலயத்தில் ஜெபம் முடிந்து கோட்டைக்காரர்களின் மனைவிமார் எல்லோரும் பார்க்க வருகிறார்கள் என்று ஏற்பாடு. மத்தியானம் சடையன் மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு படகுத் துறைப் பக்கம் போயிருந்தான். காசியம்மாள் தனியாக உட்கார்ந்து அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ குறைந்தது. என்ன என்று யோசித்தபோது சுரீர் என்றது. பால் காய்ச்சவில்லை.

புதுவீட்டில் பால் பொங்காமல் யாராவது குடி போவார்களா? பொம்மையானாலும் குடித்தனம் குடித்தனம்தானே. போகட்டும், ஒல்லாந்துக்காரிக்குத் தெரியாது, பொம்மைகளும் கேட்கப்போவதில்லை. ஆனால் கட்டினது தன் புருஷன் கை. இந்த வீடு வந்த பெட்டிப் பலகையில்தான் நாளைக்குத் தான் படுத்து எழ வேண்டும். இங்கே இருக்கிற தோஷம் பலகையோடு படகேறிப் பசியாவரத்துக்கு வராது என்று என்ன நிச்சயம்? அவளுக்கு உட்கார முடியவில்லை.

சமையற்கட்டிலிருந்து ஒரு கரண்டிப் பால் எடுத்தாள். பொம்மை வீட்டின் சமையலறையில் அடுப்பு இருந்தது, மேலே புகைபோக்கியும் இருந்தது. இருப்பதிலேயே சின்னச் செப்புப் பானையில் கொண்டமட்டும் பாலை ஊற்றி, தேங்காய் நாரைக் கிள்ளி அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். சாமியை நினைத்துக் கும்பிட்டாள். பால் சலசலத்தது, நுரைத்தது, விளிம்பைத் தாண்டிப் பொங்கியது. அவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

அந்தப் புகைபோக்கி வெறும் வேஷம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மேலே வழியே இல்லை, மூடியிருந்தது. புகை போக இடமில்லாமல் திரும்பி வர, கூடவே தீயும் வந்து சுவரில் ஒட்டியிருந்த வண்ணக் காகிதத்தைப் பிடித்தது. காசியம்மாள் ஐயோ என்று கையில் கிடைத்த சட்டியைத் தூக்கி அப்படியே ஊற்றினாள். தீ அணைந்தது. ஆனால் அது செசிலியாவுக்கென்று அவள் கொண்டுவந்த நண்டுச் சட்டி. தண்ணீரோடு ஒரு சின்ன நண்டும் போய்க் கூடத்தில் விழுந்து, நாற்காலிகளைத் தள்ளிவிட்டுப் படியேறிப் படுக்கையறைக்குள் புகுந்தது.

புகை நெடி பட்டு மார்கரெட் அம்மா ஓடிவந்தாள், பின்னாலேயே செசிலியா. சமையலறைச் சுவர் கன்னங்கரேல் என்று இருந்தது. அலமாரிப் படுக்கையிலிருந்து நண்டு கொடுக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மார்கரெட் அம்மா முகம் சிவந்து, கண் கலங்கி, அப்புறம் மடமடவென்று என்னவோ கொட்டினாள். அதில் பலகை கிடையாது என்பது மட்டும் காசியம்மாளுக்கு மொழிபெயர்க்காமலே விளங்கியது. தன் கையாலேயே தன் குடிசைக்குக் கொள்ளி வைத்துக்கொண்டோமே என்று பொத்துக்கொண்டு அழுகை வந்தது.

செசிலியா அவள் காதோரம் குனிந்தாள். "எலி வந்து வெளக்கைத் தள்ளிடுச்சுனு சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத."

"இன்னாத்துக்குப் பொய்யி? நான்தான் பத்தவெச்சேன். பால் காய்ச்சாத வூட்ல குடி வெக்கக் கூடாதுனு காய்ச்சினேன். அப்டியே சொல்லு," என்றாள் காசியம்மாள், மூக்கைச் சீந்திக்கொண்டே.

செசிலியா அப்படியே சொன்னாள். பால் எதற்கு என்று மார்கரெட் அம்மா கேட்டிருக்க வேண்டும், செசிலியா நெடுநேரம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். மார்கரெட் அம்மாவின் கோபம் எங்கோ பாதியில் நின்றுபோயிற்று. அவள் பொம்மை வீட்டைப் பார்க்கவில்லை, தான் குடியிருக்கிற பெரிய வீட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள்.

"இந்த வூட்டுக்கு யாராச்சும் பால் காய்ச்சுனாங்களானு கேக்கறாங்க," என்றாள் செசிலியா. அவள் குரலும் இறங்கிவிட்டது.

யார் காய்ச்சினார்கள்? முன்னால் இருந்த கும்பினிக்காரன் காய்ச்சலில் செத்து, கட்டில் சூடு ஆறுவதற்குள் இவர்கள் குடி வந்தார்கள். வந்த வருஷமே மார்கரெட் அம்மாவின் கைக்குழந்தை போயிற்று. இப்போது மறுபடி மூன்று மாதம் என்று செசிலியா அரசல் புரசலாகச் சொல்லியிருந்தாள். காசியம்மாளுக்கு அதுவரை அந்தப் பெண்ணைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இப்போது தன்னைப் போல அவளும் குடித்தனத்துக்கு ஏங்குகிறவள்தான் என்று தோன்றியதும் நெஞ்சு இளகிவிட்டது.

"நான் காய்ச்சறேன்னு சொல்லு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே, "பலகை இன்னா ஆச்சுனும் கேளு," என்றாள்.

பெரிய வீட்டு அடுப்பில் பெரிய பானையில் பால் வைத்தார்கள். பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. மார்கரெட் அம்மா கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வந்த சீமாட்டிகளிடம் கரிச்சுவரை மறைக்கவில்லையாம்; ஒல்லாந்திலேயே எத்தனையோ பொம்மை வீடு இருக்கலாம், சமையல் நடந்த வீடு என்னுடையது ஒன்றுதான் என்று பெருமை அடித்துக்கொண்டாளாம். செசிலியா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பலகைகள் அத்தனையும் படகேறின.

பசியாவரத்துத் துறையில் பலகைகளை இறக்கியதும் பவுனம்மாள் வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அருமையான மரம் என்றாள். பெரியவன் படகு பொத்தலாகக் கிடக்கிறது, அதற்குச் சரியாக இருக்கும் என்றாள். அத்தோடு விஷயம் முடிந்தது போலத் திரும்பிக் குடிசைக்கு நடந்தாள்.

காசியம்மாள் புருஷனைப் பார்த்தாள். சடையன் கயிற்றைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். கடைசியில் அம்மா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவனும் அம்மா பின்னால் போய்விட்டான்.

அவள் சண்டை போடவில்லை. குடிசைக்குப் போய்த் தன் பாயையும் ஒரு பானையையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டாள். ஊருக்குக் கிழக்கே மேட்டில், குடிசைக்கென்று அவள் என்றைக்கோ பார்த்துவைத்திருந்த வெறும் மணலில் பாயை விரித்து, பானையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். சுவர் இல்லை, கூரை இல்லை, உச்சி வெயில். பானையிலிருந்த இறாலை எடுத்து ஆய ஆரம்பித்தாள். மேட்டைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. பைத்தியமா என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவளுக்கும் ஒரு மாமியார் உண்டு.

சடையன் வியர்க்க விறுவிறுக்க வந்தான்.

"ஏந்திரி, காசி. ஊரே சிரிக்குது."

"நான் குடி வந்துட்டேன்," என்றாள் அவள், இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வூடு மெதுவா வரட்டும்."

வெயிலில் அவள் கழுத்து வேர்வையில் மினுங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். சரி, இதுவும் போயிற்று என்று அவள் நினைத்தாள். இறாலின் ஓடு விரலில் குத்தி ரத்தம் வந்தது, வலித்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் துறைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. இரைந்து, உடைந்து, பாதியில் சிக்கி, மறுபடி எழுந்த குரல். நாலு வருஷத்தில் அந்தக் குரலை அந்த உரத்தில் அவள் கேட்டதே இல்லை.

"இல்லம்மா. அது படகுக்கு இல்ல. அது எங்க வூட்டுப் பலகை."

பவுனம்மாள் பதிலுக்கு என்ன கத்தினாள் என்று காற்றில் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சடையன் தலையில் இரண்டு பலகையோடு மேட்டில் ஏறி வந்தான். பலகைகளை அவள் பக்கத்தில் போட்டுவிட்டு, எழுந்து நகர்ந்துகொள், இந்த இடத்தில்தான் முதல் பலகை என்றான். அவள் இறால் கையோடு அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, அவன் பிடித்த பலகையின் மறுமுனையைப் பிடித்தாள்.