ஐந்தாம் அறை விளக்கு

திருச்சியில் எங்கள் பெண்கள் விடுதியில் யார் பேசினாலும் எட்டு அறைகளிலும் கேட்கும். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவள் மட்டும் கேட்டுக்கொள்வாள். மற்றவர்கள் கேட்காமல் இருந்துவிடுவோம்.

முன்பு பேச்சைக் கொண்டுபோக ஒரே கம்பி அறை அறையாக ஓடியதாம். ஒருத்தி அதில் ஈரத்துணி காயப்போட்டால் விடுதியே ஊமையாகிவிடும். இப்போது ஒவ்வொரு அறையிலிருந்தும் தனிக் கம்பி புறப்பட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள பெட்டிக்குப் போகிறது. ஹப் என்று பெயர். யாருடைய பேச்சு யாருக்கு என்பது அதற்குத் தெரியாது. வந்ததை எல்லோருக்கும் கொடுத்துவிடும். பேசுகிற அறையின் எண்ணுள்ள விளக்கு எல்லா அறைச் சுவர்களிலும் எரியும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டு பேச்சும் பெட்டிக்குள் மோதி உடைந்துவிடும். இருவரும் தங்கள் அறையிலுள்ள சீட்டு டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுத்து, அதிலுள்ள நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மறுபடி மோதினால் பெரிய டப்பா; அதில் எண்களும் பெரியவை.

நான் ஏழாம் அறை. என் பெயரை யாரும் அதிகம் அழைப்பதில்லை.

டிசம்பரில் ஒரு நாள், ஐந்தாம் அறை ஜெசிந்தா அக்கா தன் நிச்சயம் முறிந்துபோனதை இரண்டாம் அறை மெஹரிடம் கம்பியில் சொன்னார். மறுநாள் குழாயடியில் நான், "வருத்தப்படாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

நான் குழாயைப் பார்த்தேன்.

"உன் பேரையா கூப்பிட்டேன்?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த மெஹர், "ஏழாம் நம்பருக்குக் காது நாலு" என்றாள்.

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை.

மார்ச்சில் அவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. ஞாயிறு நான்கு மணிக்குப் பஸ். கம்பியில் செய்த தவறைக் கம்பியில்தான் சரிசெய்ய வேண்டும். மூன்று மணிக்கு, "ஜெசிந்தா அக்கா, நான் கேட்டிருக்கக் கூடாது" என்று தொடங்கினேன். என் விளக்கோடு ஐந்தாம் விளக்கும் எரிந்து அணைந்தது.

சீட்டில் மூன்று என்றிருந்தது. மூன்று நிமிடம் கழித்துத் தொடங்கினேன். மறுபடியும் ஐந்தாம் விளக்கு. பெரிய டப்பாவில் எனக்கு ஒன்பது வந்தது.

ஒன்பதாவது நிமிடம் வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அக்கா முதலில் பேசட்டும். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அதன் பிறகு கம்பி காலியாகவே இருந்தது. வாசலில் ஆட்டோ வந்து, போனது.

ஜூனில் வார்டன் கமலவேணி மேடம் பெட்டியை மாற்றினார். புதிய பெட்டி உரியவளுக்கு மட்டும் பேச்சைக் கொண்டு சேர்க்கும். என் அறையில் அன்றிலிருந்து சத்தமே இல்லை. பழைய பெட்டியைத் திறந்தபோது அடியில் உடைந்து கிடந்த பேச்சை ஒரு டிபன் டப்பாவில் அள்ளி மேடம் என்னிடம் கொடுத்தார்.

"உன்னுதும் ஜெசிந்தாவுதும். பாதி அவளுக்கு அனுப்பிடு."

மொட்டை மாடியில் பரப்பிப் பார்த்தேன். எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எடை போட்டுப் பாதியாக்கினேன்.

பார்சல் ஆபீஸில், "உடையுமா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"உடைஞ்சதுதான்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "தூத்துக்குடியிலயும் உங்க பேருக்கு ஒண்ணு இப்பத்தான் போட வந்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணா கிளம்பினா மதுரைகிட்ட மோதிக்கும்மா."

மேஜையிலிருந்த சீட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்த சீட்டில் அறுபத்து நான்கு என்றிருந்தது. நிமிடமா, நாளா என்று அவர் சொல்லவில்லை. பெஞ்சில் ஏற்கெனவே சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் சற்று நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.