வியாழன் ஜன்னல்

வாடகைக்கு வந்த நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிவந்து கூடத்தில் போட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்தால் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாற்காலி தூக்குகிறவன் கையை யாரும் பிடிப்பதில்லை. கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் மனைவி படுத்திருந்தாள். நேற்றுக் காலை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, தலை வலிக்கிறது என்றாள். உள்ளே ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னபோது மத்தியானம்கூட ஆகியிருக்கவில்லை.

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"ஆஃப் பண்ணிடுடா. உன் மாமியார் காதுல விழுந்தா மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள் அவன் அக்கா.

அது அவளுடைய வேலை போன். கல்யாணமான நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதில்லை. நாலு பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து ஒரே மனநல ஆலோசகர் அவள். கிழமைக்கு ஒரு பள்ளி. மனசு சரியில்லாத பிள்ளைகள், அவள் தங்கள் பள்ளிக்கு வரும் கிழமைவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டும். வீட்டில் கவுன்சிலர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சாக்கடை அடைத்துக்கொண்டதைப் புகார் சொல்ல வந்தவர்களும் உண்டு. அவர்களையும் உட்காரவைத்துக் கேட்டுத்தான் அனுப்புவாள். ஆனால் பிள்ளைகள் சொன்னதில் ஒரு வார்த்தை அவன் காதுக்கு வந்ததில்லை. போனில்கூடப் பெயர் போட்டு வைக்கமாட்டாள். கிழமையும், அந்தப் பிள்ளை அவள் அறையில் வந்து உட்காரும் இடமும்தான்.

திரையில் 'வியாழன் ஜன்னல்' என்று இருந்தது. இன்று வியாழக்கிழமை.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"மிஸ்?" என்றது ஒரு பெண்குழந்தையின் குரல். பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கலாம்.

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்மா. வச்சிடாத."

அவள் வைக்கவில்லை. கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். ஆலோசனை அறை பூட்டியிருக்கிறது. அதன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். வகுப்புக்குப் போகவில்லை. போன், பையில் ஒளித்து எடுத்துவந்தது. மிஸ் லீவு, எப்போது வருவார்கள் என்று தெரியாது என்று காலையில் எல்லோரையும் நிற்கவைத்து அறிவித்தார்களாம்.

"என்கிட்ட சொல்லாம லீவு போடமாட்டாங்க சார். போன வாரம் நான் ஒண்ணு சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லாதது. அதைக் கேட்டுட்டுதானே வரல?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். லீவு என்று அறிவிக்கச் சொன்ன தலைமை ஆசிரியர் கூடத்தில்தான் இருந்தார். பரீட்சை நேரம், பிள்ளைகள் கலங்கிவிடக்கூடாது, முடிந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சற்றுமுன் அவனிடமே சொன்னார். எழுதி எழுதிக் கேட்டு இவள் வந்து சேரவே வருடக்கணக்கானது, இனி இன்னொருவர் எப்போது வருவாரோ என்றும் சொன்னார். நல்ல மனுஷர்தான். அழுதிருந்தார்.

நேற்றிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் போயிட்டா என்றார்கள், தவறிட்டா என்றார்கள். அவன் அதைக்கூடச் சொல்லவில்லை. ஆபீசுக்குத் தகவல் சொல்லக்கூட மச்சானிடம்தான் போனைக் கொடுத்தான். இந்தப் பெண்ணிடம் போயிட்டாங்க என்று சொன்னால் போதாது. தன்னால்தான் போனார்கள் என்று எடுத்துக்கொள்வாள்.

"மிஸ் லீவுல இல்லம்மா" என்றான். "நேத்து இறந்துட்டாங்க. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு. அது யார் சொன்னதாலயும் வர்றது இல்ல. நீ சொன்னதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ ஒரு வகுப்பு கூட்டாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வாய்ப்பாடு முடிந்து அடுத்தது தொடங்கியது.

"நிஜமாவா சார்?"

"நிஜமா."

"அப்ப நான் இனிமே யார்கிட்ட சொல்றது?"

ஏதாவது ஆறுதல் சொல்லலாம். மனைவி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தான். அந்த ஆலோசனை அறைக்குள் அவள் பேசியது எதுவும் அவனுக்குத் தெரியாது.

"முழுசும் யார்கிட்ட சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா இப்ப நீ தனியா உட்கார்ந்திருக்கக்கூடாது. அங்க உன்னைத் திட்டாத பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

யோசித்தாள். "லைப்ரரி மிஸ். மாடில இருப்பாங்க." கொஞ்சம் பொறுத்து, "திட்டுவாங்க. ஆனா மனசுல வச்சுக்கமாட்டாங்க" என்றாள்.

"அது போதும். எழுந்து அவங்ககிட்ட போ. போனைக் கட் பண்ணாம போ. அவங்க குரல் எனக்குக் கேக்கறவரைக்கும் லைன்லயே இருக்கேன்."

பையை மாட்டும் சரசரப்பு கேட்டது.

"நீங்க அழலையா சார்?"

"இன்னும் இல்லம்மா."

சமையலறைக் கதவு திறந்தது. மனைவியின் அண்ணன் தலையை நீட்டினார். "மாப்ள, வண்டி வந்துடுச்சு. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கறாங்க."

கையைக் காட்டி நிறுத்தினான். அவர் தங்கையின் போனைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். யார் என்று உதட்டை அசைத்தார்.

"அவ வேலை மச்சான். கொஞ்சம் பாக்கி இருக்கு."

அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

அவன் தரையில் உட்கார்ந்தான். அவன் பார்த்தே இராத ஒரு கட்டடத்தின் படிகளில் சின்னக் காலடிகள் ஏறிக்கொண்டிருந்தன. பாதியில் நின்றன. மூச்சு மட்டும் கேட்டது. அவன் காத்திருந்தான். மறுபடி ஏறின. வாசலில் உறுமிக்கொண்டிருந்த வண்டியின் இன்ஜினை யாரோ அணைத்தார்கள்.

மேலே ஒரு கதவு கிறீச்சிட்டது. கிளாஸ் நேரத்தில் இங்கே என்ன வேலை என்று அதட்டிக்கொண்டே வந்த ஒரு பெண்குரல், கிட்டத்தில் வந்து, பாதி வார்த்தையில் நின்றது.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.