பூனை என்று எழுதிய அட்டை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவளுடைய வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் வாங்கியவருக்குத் தலைவலி வரும். பதினோரு வருஷமாக அப்படிப் பிசகாமல் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவள் கண்ணே எரியத் தொடங்கியது. கடையில் கண் பரிசோதிக்கும் பெண்தான் ஒரு யோசனை சொன்னாள். அந்தப் பெண் பறவை பார்ப்பவர்களின் குழு ஒன்றை நடத்திவந்தாள். தோட்டம் உள்ள வீடுகளில் மரக் கூட்டுப்பெட்டிகளை வைத்து, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை பறந்தன என்று அட்டையில் குறித்து வாங்குவாள். நாற்பத்திமூன்று வீடுகள் சேர்ந்திருந்தன. "தூரத்துல எதையாவது பாத்துட்டு உக்காருங்க, கண்ணுக்கு நல்லது" என்று ஒரு பெட்டியையும் ஓர் அட்டையையும் கொடுத்துவிட்டாள்.

பெட்டி எளிமையானது. முன்பலகையில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு துளை, மேலே தோல் பட்டையில் திறந்து மூடும் மூடி. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன், பின்பக்கத் தோட்டத்தில் கம்பம் நட்டு அதில் ஆணியடித்துக் கொடுத்தான். மூன்றாவது வாரம் ஒரு ஜோடிப் பட்டாணிக் குருவி வந்தது. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மார்பில் டை கட்டினாற்போலக் கறுப்புப் பட்டை. "ஆபீசர் வீடு பாக்க வந்திருக்கார், வாடகைக்குப் பிடிக்குமோ என்னமோ" என்றான் கணவன். பிடித்துவிட்டது. பாசியும் மயிரும் சேர்ந்து மெத்தையாயின. ஆறு முட்டை. அதில் ஐந்து பொரித்தன.

அட்டையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு விதி இருந்தது. பொரித்துப் பன்னிரண்டு நாள் ஆனபின் மூடியைத் திறக்கக் கூடாது. சிறகு முழுதாக முளைக்காத குஞ்சுகள் பயந்து வெளியே பாய்ந்துவிடும். அதன்பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் போதும். அவள் அதைப் படித்திருந்தாள். கண் பரிசோதிக்கும் பெண் வாயாலும் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வழியே இல்லை.

பதினைந்தாம் நாள் சனிக்கிழமை. அக்கா வந்திருந்தாள். எந்த ஊருக்கும் எந்தக் கடைக்கும் இவளுக்கு முன்னால் போய்வந்துவிடும் அக்கா. அவளிடம் காட்ட இவளிடம் எப்போதும் எதுவும் இருந்ததில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்துவிட்டு அக்கா, "போன்ல மணிக்கணக்கா பேசினியே, இந்த ஓட்டைதானா?" என்று கேட்டாள். கேலி கூட இல்லை, சும்மா கேட்டாள்.

"உள்ள அஞ்சு இருக்கு. பாக்கறியா?"

காட்டு என்று அக்கா கேட்கவில்லை. இவளாகத்தான் கூப்பிட்டாள்.

முக்காலியில் ஏறி மூடியை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கினாள். ஒரு நொடி ஐந்து தலையும் அசையாமல் இருந்தன. பிறகு பெட்டிக்குள் தீக்குச்சிப் பெட்டியைக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். அவள் மூடுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஒன்று நேராகப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. இரண்டு, துணி துவைக்கும் கல்லை ஒட்டிய சாக்கடைத் தண்ணீரில் விழுந்தன. ஒன்று பூந்தொட்டிக்குப் பின்னால் நுழைந்தது. ஒன்று சுவரைத் தாண்டியது. அது என்ன ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை.

தண்ணீரில் விழுந்தவற்றை அவள் எடுத்துத் துடைத்துப் பெட்டியில் விட்டாள். விட்ட வேகத்தில் திரும்பக் குதித்தன. தொட்டிக்குப் பின்னால் இருந்ததைப் பிடித்து விட்டாள். அதுவும் குதித்தது. தாய்க் குருவி வாயில் பச்சைப் புழுவோடு கம்பத்துக்கும் சுவருக்கும் பறந்து பறந்து கத்தியது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது நான்கு குஞ்சுகள் தரையில் கிடந்தன. அவள் கையில் எடுத்துப் பார்த்த கடைசிக் குஞ்சுக்கு நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

நாலு மணிக்குக் கணவன் வந்தபோது, பக்கத்து வீட்டுத் தையல்காரரின் பூனை சுவரிலிருந்து இறங்கி ஒரு குஞ்சை முகர்ந்துகொண்டிருந்தது. கொழுத்த சாம்பல் நிறப் பூனை. தினமும் காலையில் மதில்சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டட வேலையை மேற்பார்வை செய்வதுபோல நடக்கும். அதனால் தெருவில் எல்லோரும் அதை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். கணவன் அதை விரட்டிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"மேஸ்திரி வேலையா இது?"

அவள் கைகள் ஈரமாக இருந்தன. புடவைத் தலைப்பில் துடைத்தாள். "நான் வந்து பாக்கும்போதே இப்படித்தான் கிடந்துது" என்றாள்.

அக்கா உள்ளே தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். வழியனுப்பப் போன இவளிடம் பஸ் ஏறும்போது, நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஆனால் நீ சொல்லிவிடு என்றாள். இவளும் சரி என்று தலையாட்டினாள்.

திரும்பி வருவதற்குள் கணவன் சுவரோரம் நின்று தையல்காரரிடம் விஷயத்தைச் சொல்லிமுடித்திருந்தான். சண்டையாக இல்லை, மரியாதையாகத்தான். அடுத்த நாள் காலை தையல்காரர் முன்வாசல் வழியாக வந்தார். இத்தனை வருஷம் சுவருக்கு மேலாகவே பேசிப் பழகியவர், அன்று தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கேட்டைத் தட்டினார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரும் பூனையும்தான்.

"தங்கச்சி, நீ எவ்வளவு ஆசையா பாத்துட்டிருந்தேன்னு எனக்குத் தெரியும். அவன் மேல நான் ஒரு கண்ணு வச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் கணவன் பக்கத்தில் நின்றான். நேற்றே அவன் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தான்.

"பரவாயில்லண்ணே, விடுங்க" என்றாள்.

அவர் செய்யாத தப்புக்கு அவரை மன்னித்து அனுப்பிவிட்டோம் என்பது அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி இல்லை. நகரத்தின் மறுகோடியில் தையல்காரரின் அக்கா மகன் மரக்கிடங்கு வைத்திருந்தான். எலித் தொல்லை இருந்ததால், தையல்காரர் பூனையைக் கொண்டுபோய் விட்டதும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான் என்று கணவன் சொன்னான். இரண்டு தெருவுக்கும் தெரிந்த பொறுப்பான மனிதர் என்று மெச்சவும் செய்தான். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அது அடிப்பிடிக்கும்வரை கிளறினாள்.

அட்டையை வாரக் கடைசியில் கொடுக்க வேண்டும். குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு 'பூனை' என்று எழுதினாள். மூன்று எழுத்துகூட இல்லை. கண் பரிசோதிக்கும் பெண் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். இந்த வருஷம் நாற்பத்திமூன்று பெட்டியில் பூனையால் போனது இதுதான் முதல் என்றாள். பூனையைக் கொண்டுபோய் விட்ட கதையைக் கேட்டதும், எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பப்போகிறேன், உங்கள் தையல்காரரை உதாரணமாகக் காட்டி, என்றாள். அந்த வாரம் அவள் இரண்டு லென்ஸைக் கோணலாகத் தேய்த்தாள்.

பக்கத்து வீட்டில் தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது நின்ற இடைவெளிகளில் முன்பெல்லாம் ஒரு பேச்சுக் குரல் கேட்கும். "என்னடா, நூலை இழுக்காதே, தள்ளிப் படு." இப்போது நின்றால் நின்றதுதான். அவளுக்கு அந்த நிசப்தத்தில் காது போய் ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் வேலைவிட்டு வந்தபோது, தோட்டத்துக் கம்பத்தின் நடுவில் தகரத்தால் ஒரு குடை கவிழ்த்திருந்தது. தையல்காரர் எண்ணெய் டின்னைக் கத்தரித்து, விளிம்பு கையைக் கிழிக்காமல் மடித்து, கணவனிடம் கேட்டுவிட்டு வந்து கட்டியிருந்தார். வேறு வீட்டுப் பூனை ஏதாவது வந்தால் ஏற முடியாதாம். மடிப்பு அத்தனை ஒழுங்காக இருந்தது, காலர் தைத்ததுபோல.

அவள் கைப்பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராக அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவர் மிஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கைவிளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் சாம்பல் மயிர் ஒட்டிய ஒரு பழைய மெத்தைத் துண்டு அப்படியே கிடந்தது. வாம்மா, தகரம் நல்லா இருக்கா என்று நிமிர்ந்தார்.

"அண்ணே, பூனை ஒண்ணும் பண்ணல. நான்தான் மூடியைத் திறந்தேன். திறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சே திறந்தேன். அக்காகிட்ட காட்டணும்னு. எல்லாம் என் கண்ணு முன்னாலதான் செத்துது. உங்க பூனை அப்புறமாத்தான் வந்துது."

அவர் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த விளிம்பை முனைவரை கொண்டுபோய் முடித்தார். நூலைக் கத்தரித்தார். சட்டையை மடித்து வைத்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"இருபத்திமூணு நாள்."

"இருபத்திமூணு நாளா தினம் என்னைப் பாத்தீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கவனித்தது அந்த 'பாத்தீங்க'வைத்தான். குரலில் தங்கச்சி இல்லை.

"நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்ணே. நானும் வரேன்" என்றாள். அவர் அப்போதே மரக்கிடங்குக்குப் போன் போட்டார். மறுமுனையில் அக்கா மகன் ஏதோ நீளமாகப் பேசினான். தையல்காரரின் கை மேஜையில் இருந்த சாக்பீஸைத் தேடி எடுத்து, அதை இரண்டாக உடைத்தது. போனை வைத்துவிட்டுச் சொன்னார். ஒன்பதாம் நாளே பூனை வெளியே போய்த் திரும்பி வரவில்லையாம். மாமா வருத்தப்படுவார் என்று அவன் சொல்லாமல் இருந்தானாம்.

அன்று சாயங்காலமே கணவனிடமும் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு நெடுநேரம் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "நான் போய் அந்த மனுஷன்கிட்ட நியாயம் பேசிட்டு வந்தேனே. என்னைப் போகவிட்டியே" என்றான். இரண்டு நாள் அவளோடு சாப்பிட உட்காரவில்லை.

கடையில் சொல்வது இன்னும் கூச்சமாக இருந்தது. கடிதம் அன்று மாலை அனுப்புவதாக இருந்தது. கண் பரிசோதிக்கும் பெண் கேட்டுமுடித்ததும் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள், நீங்களே திருத்துங்கள் என்றாள். அவள் 'பூனை'யை அடித்துவிட்டு, 'பதினைந்தாம் நாள் பெட்டியைக் கவனிப்பவரே மூடியைத் திறந்தார்' என்று எழுதினாள். இது வருஷத்துக்கு நாலைந்து பேருக்கு நடப்பதுதான், ஆனால் யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் அந்த விதி ஏன் என்று யாருக்கும் புரிவதில்லை என்றாள் அந்தப் பெண். பெயர் போடாமல் கடிதத்தில் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். பெயரோடேயே போடுங்கள் என்றாள் இவள். வீரமாகச் சொல்லவில்லை, மறைக்க இன்னொன்று மிச்சம் இருப்பதைத் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளும் தையல்காரரும் மரக்கிடங்கைச் சுற்றியுள்ள தெருக்களில் தேடினார்கள். அவர் முன்னால் நடப்பார், இவள் நான்கடி பின்னால். லாரிகளுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். டீக்கடை, பட்டறை, பள்ளிக்கூட மதில் என்று கண்ட இடத்திலெல்லாம் படம் ஒட்டினாள். சாம்பல் நிறம், கொழுத்த உடம்பு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது என்று எழுதியிருந்தாள். கடைசி வரியைப் படித்த ஒரு டீக்கடைக்காரர், அப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார் என்று சிரித்தார். இவளுக்குச் சிரிக்க வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவருக்கு முழங்கால் வலித்தது. நீங்கள் உட்காருங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். முதல் தடவையாக அவர் சரி என்று ஒரு படியில் உட்கார்ந்தார்.

நான்காவது ஞாயிறு ஒரு அச்சகத்திலிருந்து போன் வந்தது. காகிதக் கட்டுகளுக்கு மேலே அது படுத்திருந்தது. இளைத்து, ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது. அச்சகத்துக்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்து, மீன் தலை போட்டு வளர்த்துவந்தார்கள். தையல்காரர் வாசலிலேயே நின்றார். "டேய்" என்று மட்டும் சொன்னார். அது உடனே எழுந்துவரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகக் கட்டுகளிலிருந்து இறங்கி, மை படிந்த தரையில் நடந்துவந்து, அவருடைய வேட்டியில் தலையைத் தேய்த்தது. அவர் குனிந்து அந்தக் காதைத் தொட்டார். குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. மூடி போட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் வலி என்று அவளுக்குத் தெரியும்.

"கூடையை நான் வச்சுக்கறேண்ணே."

"வேணாம். பயந்திருக்கான்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கூடைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பின்னல் இடுக்கில் ஒரு விரலை விட்டார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து இறங்கினார். தையல்காரர் ஜன்னல் பக்கம் நகர்ந்து, காலியான இடத்தைப் பார்க்காமலே, "உக்காருங்க, நின்னுட்டே வர்றீங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.