வெறும் பஸ்ஸின் நேரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உணவு மேசையில் இருந்தவர்கள்: என் மனைவி, என் மகள், என் தம்பி, நான். வேறு யாருமில்லை. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. ஆனால் மூன்று முறை வேறிடத்தில் தொடங்கிப் பார்த்தேன்.

1

‘மாபெரும் விளையாட்டுப் போட்டிக்காக நகரமே விழாக்கோலம்…’

(அடித்துவிட்டேன். இது செய்தித்தாள் வாக்கியம்.)

என் மகள் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் பொறியாளர். ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு நாற்பது சிறப்பு பஸ்கள் அவள் பொறுப்பு. ஒத்திகையில் ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதையே அட்டவணையாக்கினாள். ஒத்திகை பஸ்கள் காலியாக ஓடியவை. போட்டியன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறவே ஆறு நிமிடம் பிடித்தது. டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கானோர் முதல் பாதி ஆட்டத்தை நிறுத்தத்தில் நின்றே கழித்தார்கள். நாளை விசாரணை. அவள் வேலை நிலைக்குமா போகுமா என்பது அதில் தெரியும்.

2

(ஓட்டுநர்கள்தான் மெதுவாக ஓட்டினார்கள் என்று ஒரு வரைவு எழுதினேன். பொய். கிழித்துப் போட்டேன். பழியைப் பிறர் தலையில் கட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.)

நேற்று தம்பி வந்திருந்தான்.

“ஊரே சிரிக்குதுண்ணே. கெட்டிக்காரிதான், ஆனா யாரையும் ஒரு வார்த்தை கேக்கலையாமே.”

“நீயும் அந்த மேசையிலதானேடா இருந்த?”

“நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன்.”

“விடுங்க சித்தப்பா” என்றாள் மகள். “அட்டவணையில இருக்கிறது என் கையெழுத்து.”

என் மனைவி என்னையே பார்த்தாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் பஸ் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவன் நான். வாசலில் நின்று, வண்டி போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்தவன். நடுவே நிறுத்தத்தில் நடப்பது…

(இந்த வாக்கியத்தை முடிக்க நேற்றிலிருந்து முயல்கிறேன்.)

3

முடிவு ஒன்று: அவளை மன்னிக்கிறார்கள். முடிவு இரண்டு: வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எது வேண்டுமோ வாசகரே எடுத்துக்கொள்ளுங்கள். அது என் கையில் இல்லை. நாளை அவளுக்கு முன்பாகவே அந்த அலுவலகத்துக்குப் போய், இந்தத் தாள்களைக் கொடுத்துவிட்டு வருவேன்.

வதந்தியை மட்டும் திருத்துகிறேன். அவள் யாரையும் கேட்கவில்லை என்பது தவறு. “ஒத்திகையில ஆள ஏத்திப் பாக்கணுமாப்பா?” என்று அந்த ஞாயிறு காலை மேசையில் என்னைக் கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.